ஏரியின் பொறுப்பு யாரைச் சார்ந்தது?

ஒரு தேசத்தில் நிலத்தையும் நீரையும் கெடாமல் காத்து, அவற்றை எவ்வாறு பயன்படுத்துவது என்று தீர்மானிப்பவர் யார்? சட்டப் புஸ்தகத்தைப் புரட்டினால் விடை எளிதாகக் கிடைத்துவிடும். இந்திய அரசியல் சட்டப்படி நிலமும் நீரும் மாநில சர்க்கார்களின் அதிகாரத்துக்கு உட்பட்டவை. காடுகள் 1976-ஆம் வருஷத்துத் திருத்தத்தால் மத்திய, மாநில சர்க்கார்கள் இரண்டுக்கும் பொது விஷயமாயின. சுற்றுச்சூழல் பாதுகாப்பைப் பற்றிய 1986-ஆம் வருஷத்துச் சட்டம் மத்திய சர்க்காரால் ஏற்பட்டது. இவ்விடையில் பிழை ஒன்றும் இல்லை. ஆயினும் கிராமத்து ஏரிக்கரையின்மீது ஏறி நின்று நான்கு பக்கமும் பார்க்கும் குடியானவனுக்கு இது போதுமானதன்று.

தமிழ்நாட்டில் 39,000-க்கு மேற்பட்ட ஏரிகள் உண்டு. செங்கற்பட்டுப் பக்கத்தில் ஏரி என்றும், மதுரை, இராமநாதபுரம் பக்கங்களில் கண்மாய் என்றும், திருநெல்வேலிச் சீமையில் குளம் என்றும் இவை வழங்கும். இவற்றுள் மிகப் பெரும்பாலானவை சரிந்து செல்லும் பூமிக்குக் குறுக்கே மண்கரை எழுப்பி மழைநீரைத் தேக்கியதனால் உண்டானவை. மனிதர் கையால் ஆனவையாதலால், மனிதர் கைவிட்டால் தூர்ந்துபோகும். நிலத்தைப் பேணும் அதிகாரம் உண்மையில் யாரிடம் இருக்கிறது என்பதை ஆராய்வதற்கு ஏரியைவிடத் தக்க உதாரணம் அரிது.

ஏரி என்பது கரையும் தண்ணீரும் மாத்திரம் அன்று. மேட்டிலே மழையை வாங்கிக்கொள்ளும் நீர்ப்பிடிப்பு நிலம், அங்கிருந்து நீரைக் கொண்டுவரும் வரத்துக்கால், நீர் பரவி நிற்கும் உள்வாய், கரை, கரையிலே பாசனத்துக்கான மதகு, மிஞ்சிய நீர் வழிந்தோடும் கலிங்கு, மதகுக்குக் கீழே ஆயக்கட்டு நிலம், கலிங்கிலிருந்து அடுத்த ஏரிக்குச் செல்லும் உபரிக்கால் - இவை அனைத்தும் சேர்ந்ததே ஏரி. இவற்றுள் ஒன்று கெட்டாலும் மற்றவை பயனற்றுப் போகும்.

ஆனால் இவை ஒருவர் வசத்தில் இல்லை. ஆயக்கட்டு 100 ஏக்கருக்கு மேற்பட்ட ஏரிகளின் கரை, மதகு, கலிங்கு ஆகியவற்றின் மராமத்து முன்பு பொதுமராமத்து இலாகாவிடம் இருந்தது. இப்போது நீர்வளத் துறையிடம் இருக்கிறது. இத்தகைய ஏரிகள் ஏறக்குறைய 14,000. எஞ்சிய சிறிய ஏரிகளில் பெரும்பாலானவை ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பில் உள்ளன. உள்வாயும் வரத்துக்காலும் புறம்போக்கு நிலமாகையால் அவற்றின் கணக்கும் ஆக்கிரமிப்பு நடவடிக்கையும் ரெவினியூ இலாகாவைச் சேரும். மரம் நட்டிருந்தால் அதில் வன இலாகாவுக்குப் பேச்சு உண்டு. மீன்பாசியைக் குத்தகைக்கு விடுபவர் வேறொருவராக இருப்பர். நீர்ப்பிடிப்பு நிலமோ பட்டா நிலமும் தரிசும் குன்றும் காடுமாகப் பலர் வசம் சிதறிக் கிடக்கும். கரையைச் சீர்செய்யப் பணம் ஒதுக்கும் இன்ஜினீயருக்கு வரத்துக்காலின்மீது வீடு கட்டியவரை எழுப்பும் அதிகாரம் இல்லை. அவ்வதிகாரமுள்ள தாசில்தாருக்குக் கரையைப் பற்றிய பொறுப்பு இல்லை. ஆயக்கட்டுக் குடியானவனிடம் இவ்விரண்டில் எதுவும் இல்லை. தண்ணீர் இன்றேல் பயிர் போகும் என்னும் கவலை ஒன்றே அவன் வசம் உள்ளது.

இந்நிலை ஒருநாளில் வந்ததன்று.

உத்திரமேரூர்க் கோயில் சுவரில் முதற் பராந்தக சோழன் காலத்து 919, 921-ஆம் வருஷங்களின் சாசனங்கள் இரண்டு உள்ளன. ஊரை 30 குடும்புகளாகப் பகுத்து, குடவோலை முறையால் வாரியங்களைத் தேர்ந்தெடுத்த விதம் அவற்றில் விவரமாகக் கூறப்பட்டிருக்கிறது. வருஷந்தோறும் தேர்ந்தெடுக்கப்பட்டவருள் அறுவர் ஏரிவாரியம் செய்தனர். அவ்வூரின் வயிரமேக தடாகம் என்னும் ஏரியைப் பேணுவது ஊர்ச்சபையின் கடமையாக இருந்தது. பழங்காலத்தில் ஏரி பராமரிப்புக்கென்றே மானிய நிலங்களும், விளைச்சலில் ஒரு பங்கும் ஒதுக்கப்பட்டிருந்தமைக்குச் சாசனங்களிலும் பிற்காலத்துக் கணக்குகளிலும் சான்று உண்டு. மடையைத் திறந்து மூடி, வயலுக்கு வயல் நீரைப் பங்கிட்டவன் நீர்க்கட்டி. அவனுக்கும் களத்திலேயே நெல் அளக்கப்பட்டது.

இவ்வேற்பாட்டைப் பொற்காலம் என்று வருணிப்பது சிலருக்கு வழக்கமாகிவிட்டது. அது முழு உண்மை ஆகாது. உத்திரமேரூரில் வாரியத்துக்கு உரியவர் இறை செலுத்தும் நிலம் கால் வேலிக்குமேல் உடையவராய், சொந்த மனையில் வீடு கட்டியவராய் இருத்தல் வேண்டும். நிலம் குறைந்தால் வேதப் பயிற்சி அதனை ஈடுசெய்யும். ஸ்திரீகளுக்கும் நிலமற்ற உழைப்பாளிகளுக்கும் அங்கே இடமில்லை. மண் சுமந்தவர் ஒரு கூட்டத்தாரும் முறைவைத்தவர் வேறு கூட்டத்தாருமாக இருந்தனர். எனினும் ஒன்று கவனிக்கத்தக்கது. ஏரியைப் பற்றிய கடமையும், அதைப் பற்றிய தீர்மானமும், அதற்கு வேண்டிய வருமானமும் ஊருக்குள்ளேயே ஒன்றாகத் தங்கியிருந்தன.

கம்பெனி ஆட்சி ரயத்துவாரி முறையைச் சென்னை ராஜதானியின் பெரும்பகுதியில் நிலைநாட்டியபோது, நிலவரி ஒவ்வொரு குடியானவனோடும் தனித்தனியே ஏற்பட்டது. ஊருக்குப் பொதுவாக இருந்த வரும்படி சுருங்கிற்று. ஏரி மானியங்கள் பல கணக்கில் சேர்க்கப்பட்டு மறைந்தன. தீர்வை சர்க்காருக்கு வந்தபோது மராமத்தும் சர்க்காரைச் சார்ந்தது நியாயமே. ஆனால் ஆயிரக்கணக்கான ஏரிகளுக்கும் ஆண்டுதோறும் செய்யவேண்டிய சிறு வேலையைக் கஜானாவினால் செய்ய இயலவில்லை. வரத்துக்காலை வெட்டுதல், கரையில் முளைத்த செடிகளைக் களைதல், எலிவளைகளை அடைத்தல், மதகின் வாயிலுள்ள வண்டலை வாருதல் முதலியன குடிமராமத்து என்ற பெயரால் குடிகளிடமே விடப்பட்டன.

அதற்குப் பின்புலமாக இயற்றப்பட்டது 1858-ஆம் வருஷத்து 1-ஆவது சட்டம். ஏரிக்கரை உடையும் அபாயம் நேர்ந்தால் ஊர்த்தலைவர் உடலுழைப்பாளரைக் கட்டாயமாக வேலைக்கு அழைக்கலாம் என்றும், வழக்கப்படி கூடிச் செய்யவேண்டிய வேலைக்கு வராதவன் அவ்வேலையின் மதிப்பில் இரு மடங்கு செலுத்த வேண்டும் என்றும் அச்சட்டம் விதித்தது. அதன் அமைப்பு உற்றுநோக்கத் தக்கது. கரை உடையும் சமயத்தில் அழைக்கப்படுபவர் உழைக்கும் வகுப்பினர். நீரால் லாபம் அடையும் மிராசுதார் அல்லர். வேலைக்கு வராதவனுக்குத் தண்டனை உண்டு. வந்தவனுக்கு ஏரியைப் பற்றிய யோசனையிலோ, மீன், மரம், புல் இவற்றின் வருமானத்திலோ பாத்தியதை அளிக்கும் விதி ஒன்றும் இல்லை. கடமை ஊரிலே நின்றது. உரிமை கச்சேரிக்குச் சென்றது. வழக்கத்தில் இருந்த வேலையை நிரூபிப்பது கடினமாகையால் தண்டத்தை வசூலிப்பதும் அரிதாயிற்று. குடிமராமத்து வரவரத் தேய்ந்ததற்குக் குடிகளின் சோம்பலைக் காரணமாகக் கூறிய அறிக்கைகள் பல. சட்டத்தின் இவ்வொருபக்கத் தன்மையையும் அக்காரணங்களோடு சேர்த்து எண்ணவேண்டும்.

1876-78 வருஷங்களின் பெரும் பஞ்சத்துக்குப் பிறகு, 1883-இல் ஏரிகளைச் சீரமைக்கும் திட்டம் ஆரம்பமாயிற்று. ஒவ்வோர் ஏரியையும் அளந்து, நீர்ப்பிடிப்பின் விஸ்தீரணம், முழுநீர் மட்டம், கரையின் உயரம், மதகு, கலிங்கு இவற்றின் அளவுகளைக் குறிப்பேடாக எழுதிவைத்தது அத்திட்டத்தின் மிகப் பெரிய சாதனை. இன்றும் ஓர் ஏரியின் நியாயமான அளவு எது என்ற தகராறு எழும்போது அந்தப் பழைய குறிப்பேடுகள் பயன்படுகின்றன. அதற்கு ஒரு வருஷம் முன்னதாக, 1882-இல், சென்னை வனச் சட்டம் ஏற்பட்டிருந்தது. அதனால் ஏரிகளுக்கு நீர் தரும் குன்றுகளில் பல ரிசர்வுக் காடுகளாகி வேறோர் இலாகாவைச் சேர்ந்தன. 1905-ஆம் வருஷத்து நில ஆக்கிரமிப்புச் சட்டம் புறம்போக்கை ரெவினியூ அதிகாரிகளிடம் உறுதிப்படுத்தியது. ஒரே நீர்வழியின் மேடு, நடு, பள்ளம் மூன்றும் இவ்வாறு மூன்று கச்சேரிகளுக்குரியவை ஆயின.

சுதந்திரத்துக்குப் பின் நிகழ்ந்த மாறுதல்கள் பலவும் நல்ல நோக்கம் உடையவை. 1948-ஆம் வருஷத்து எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தால் ஜமீன் ஏரிகள் சர்க்கார் வசம் வந்தன. சிறு ஏரிகள் ஊராட்சி ஒன்றியங்களுக்குக் கிடைத்தன. 1980-இல் பரம்பரைக் கிராம உத்தியோகங்கள் எடுபட்டுக் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தனர். பரம்பரை உத்தியோகம் ஒழிந்தது நியாயம். ஆனால் ஏரிக் காரியத்தில் ஊரார்மீது அதிகாரம் செலுத்திய முன்சீப்பின் இடம் வெற்றிடமாகவே நின்றது.

எல்லாவற்றினும் பெரிய மாறுதல் எந்தச் சட்டத்தாலும் வந்ததன்று, கிணற்றால் வந்தது. மின்சார மோட்டார் பரவி, 1990-ஆம் ஆண்டளவில் விவசாயத்துக்கு மின்சாரம் முற்றிலும் இலவசமான பின், ஆயக்கட்டிலேயே கிணறுகள் மலிந்தன. 1960-களின் தொடக்கத்தில் ஏரிப்பாசனம் ஏறக்குறைய 9 லட்சம் ஹெக்டேர். சமீப காலங்களில் அதில் பாதிக்கும் குறைவு. கிணறு உள்ளவன் ஏரி நீர் மதகு வழியாகப் பாய்வதைவிட, உள்வாயிலேயே நின்று ஊறிக் கிணற்றில் சேர்வதை விரும்புகிறான். கிணறு இல்லாதவனுக்கு மதகு திறந்தாக வேண்டும். முன்னவன் வரத்துக்கால் வெட்ட வருவதில்லை. வராவிட்டாலும் அவனுக்கு உடனே நஷ்டம் இல்லை. பின்னவன் ஒருவனாக வெட்டி முடிப்பதில்லை. கிணற்று நீரை விலைக்கு வாங்குபவனும் அவனே. மின்சாரக் கட்டணத்தைப் பற்றித் தலைநகரில் செய்த தீர்மானம் இவ்விதமாக ஏரியின் கதியை நிர்ணயித்தது. அத்தீர்மானம் செய்தவர்கள் ஏரியை நினைத்தே இருக்கமாட்டார்கள்.

மரம் நடும் விஷயத்திலும் இத்தகைய பாடம் உண்டு. 1981-இல் ஸ்வீடன் தேசத்தின் உதவியுடன் தொடங்கிய சமூகக் காடு வளர்ப்புத் திட்டத்தில் ஏரிகளின் உள்வாயில் கருவேல மரங்கள் பரவலாக நடப்பட்டன. ஊருக்கு விறகு கிடைத்தது. பஞ்சாயத்துக்கும் ஏலத்தொகையில் பங்கு கிடைத்தது. ஆனால் மரங்களுக்கிடையே வண்டல் படிந்தது. தூர் வார இயலவில்லை என்னும் முறையீடு ஆயக்கட்டுக் குடிகளிடமிருந்து எழுந்தது. மரம் வளர்த்த இலாகா நீரை நிர்வகிப்பதன்று. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த சீமைக்கருவேலமோ வறண்ட ஜில்லாக்களில் யாருடைய அனுமதியும் இன்றி வரத்துக்கால்களை அடைத்துக்கொண்டது. அதை அடியோடு அழிக்கவேண்டும் என்று கூறுவோர் ஒரு விஷயத்தை நினைவில் வைப்பது நலம். இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கங்களில் அம்மரத்தைக் கரியாகச் சுட்டு விற்று ஜீவிக்கும் நிலமற்ற குடும்பங்கள் அநேகம்.

இதற்கு மாறான உதாரணம் செங்கற்பட்டு ஜில்லாவில் மதுராந்தகத்துக்கு அருகே உள்ள வேடந்தாங்கல். அது ஒரு சிறு பாசன ஏரி. மாரிக்காலத்தில் நாரை, கொக்கு, நீர்க்காகம் முதலிய பறவைகள் ஆயிரக்கணக்கில் வந்து ஏரியிலுள்ள கடப்ப மரங்களில் கூடு கட்டுகின்றன. அவற்றின் எச்சம் கலந்த நீர் வயலுக்கு நல்ல எருவாகும் என்பதை ஊரார் நெடுங்காலமாக அறிந்திருந்தார்கள். பறவைகளைச் சுடுவதை எதிர்த்து அவர்கள் முறையிட்டதன்மேல், 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கலெக்டர் லயனல் பிளேஸ் அவர்களுடைய காவல் உரிமையை ஒப்புக்கொண்டு கௌல் அளித்தார். அங்கே காப்பவரும் பயன் பெறுபவரும் ஒருவரே. அவர்களது வழக்கத்தை சர்க்கார் எழுத்தினால் அங்கீகரித்தது. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டமும், 2022-இல் கிடைத்த ராம்சார் பட்டியல் என்னும் சர்வதேச அங்கீகாரமும் பிற்காலத்தில் வந்தவை. இப்போது அங்கே வன இலாகாவின் அதிகாரம் பெரிது. ஆயினும் அண்டை வயல்களில் சாகுபடி செய்வோரின் பொறுமை இல்லாவிடில் பறவைகள் இரை தேடும் இடம் எஞ்சாது.

நியாயஸ்தலங்களும் இக்காரியத்தில் பங்கு கொண்டிருக்கின்றன. குளம், குட்டை முதலியவை சமூகத்தின் பொதுச் செல்வம் என்று சுப்ரீம் கோர்ட்டு 2001-ஆம் வருஷத்துத் தீர்ப்பு ஒன்றில் கூறியது. 2011-இல் கிராமப் பொதுநிலங்களின் ஆக்கிரமிப்பை அகற்றத் திட்டம் வகுக்குமாறு எல்லா மாநில சர்க்கார்களுக்கும் கட்டளையிட்டது. தமிழ்நாட்டில் 2007-இல் ஏரிப் பாதுகாப்புக்கும் ஆக்கிரமிப்பு அகற்றுவதற்கும் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் அது பொதுமராமத்து இலாகாவின் கீழ் இருந்த ஏரிகளுக்காக ஏற்பட்டது. எண்ணிக்கையில் மிகுந்த ஊராட்சி ஏரிகளுக்குப் பழைய 1905-ஆம் வருஷத்துச் சட்டம் முதலியவையே துணை. நீர்நிலங்களைக் காக்கும் மத்திய சர்க்காரின் 2017-ஆம் வருஷத்து விதிகளும் பாசனத்துக்கென்று வெட்டிய நீர்நிலைகளை விலக்கிவிட்டன. ஆகையால் பாசனத்துக்கென்று ஏற்பட்ட ஏரிகள் பொதுவாக அவ்விதிகளின் நிழலில் இல்லை.

குடிகளுக்குச் சட்ட அந்தஸ்து அளிக்கும் முயற்சிகளும் நடந்தன. மதுரையில் தோன்றிய தான் அறக்கட்டளை வயலகம் என்ற பெயரால் ஏரிக் குடிகளின் சங்கங்களை அமைத்துவந்தது. 2000-ஆம் வருஷத்து விவசாயிகள் பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டம் நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்களுக்குத் தேர்தல் நடத்த வழி செய்தது. 2017-இல் குடிமராமத்து என்ற பழைய பெயரையே சர்க்கார் மறுபடி எடுத்தது. அத்திட்டத்தில் மதிப்பீட்டின் பத்தில் ஒரு பங்கைக் குடிகள் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ அளிக்கவேண்டியிருந்தது. வேலையை ஆயக்கட்டுதாரர் சங்கமே செய்ய இடம் இருந்தது. ஒப்பந்தக்காரரின் இடத்தில் ஊர்ச்சங்கத்தை வைத்தது நல்ல மாறுதல். சங்கம் பெயரளவில் நின்று வேலை வேறொருவர் கையில் போனால் அதே பழைய நிலை திரும்பும். மேலும் சங்கம் என்பது ஆயக்கட்டில் நிலம் உள்ளவர்களின் சங்கம். உள்வாயில் ஆடு மாடு மேய்ப்பவர், மீன் பிடிப்பவர், மண் எடுக்கும் குயவர், பிறர் நிலத்தில் நாற்று நடும் ஸ்திரீகள் ஆகியோர் உத்திரமேரூரில் வெளியே நின்றதுபோல இங்கும் பெரும்பாலும் வெளியே நிற்கிறார்கள். ஏரி வறண்ட வருஷத்தில் முதலில் ஊரைவிட்டுப் பிழைக்கப் போகிறவர்களும் இவர்களே.

மேலூர் ஏரிக்கும் கீழூர் ஏரிக்கும் உள்ள தொடர்பைப் பற்றியும் சொல்லவேண்டும். ஒரு சங்கம் தன் ஏரியில் அதிக நீர் நிற்கட்டும் என்று கலிங்கின்மேல் மணல் மூட்டைகளை அடுக்கினால், மேல்புறத்தில் உள்வாயை ஒட்டிய பட்டா நிலம் மூழ்கும். கீழ் ஏரிக்கு உபரிநீர் போகாது. கலிங்கின் உயரம் ஓர் ஊரின் சொந்த விஷயம் ஆகாது. இவ்விடத்தில்தான் ஊருக்கு அப்பாற்பட்ட அதிகாரி ஒருவர் அவசியமாகிறார். ஏரியை முழுவதும் ஊராரிடமே ஒப்படைத்துவிடலாம் என்று கூறுவோரும், முழுவதும் இலாகாவே பார்த்துக்கொள்ளும் என்று கூறுவோரும் கலிங்கின் அருகே சென்று பார்த்தால் தங்கள் அபிப்பிராயத்தைச் சிறிது மாற்றிக்கொள்வார்கள்.

இருக்கும் சட்டங்களைக்கொண்டே கிராமத்தார் செய்யத்தக்கவை சில உண்டு. ஏரிப் புறம்போக்கின் சர்வே எண், விஸ்தீரணம் இவற்றைக் கிராமக் கணக்கிலும் புலப்படத்திலும் பார்த்து நகல் பெறலாம். அதனோடு பழைய ஏரிக் குறிப்பேட்டின் அளவுகளை ஒப்பிட்டால் எவ்வளவு நிலம் குறைந்திருக்கிறது என்பது புலனாகும். கிராம சபை 2022 முதல் வருஷத்தில் ஆறு முறை கூட ஏற்பாடாகியிருக்கிறது. மார்ச்சு 22-ஆம் தேதி தண்ணீர் தினத்துக் கூட்டமும் அவற்றுள் ஒன்று. ஏரியின் எல்லையை அளந்து கல் நடவேண்டும் என்னும் கோரிக்கையை அக்கூட்டத்தில் தீர்மானமாக எழுதிப் பதிவுசெய்தால், தாசில்தாருக்கும் இன்ஜினீயருக்கும் ஒரே காகிதத்தைக் காட்ட இயலும். அத்தீர்மானத்தில் நிலம் உள்ளவர் கையெழுத்தோடு மேய்ப்பவர், மீன் பிடிப்பவர் கையெழுத்தும் இருத்தல் நன்று. சபையில் அவர்களுக்கும் சமமான வாக்கு உண்டு. வண்டலை வயலுக்கு எடுத்துச்செல்ல அனுமதி வேண்டும். 2024-இல் அது தாசில்தார் அளவிலேயே கிடைக்குமாறு விதி எளிதாக்கப்பட்டது. எடுக்கும்போது உள்வாய் முழுவதும் சமமாக எடுக்கவேண்டும். கரையின் அடிவாரத்தில் குழி பறித்தால் கரை பலவீனப்படும். மதகின் மட்டத்துக்குக் கீழே ஆழமாக வெட்டினால் அந்த நீர் வயலுக்கு ஏறாது, ஊறிக் கிணற்றுக்கு மாத்திரம் உதவும். எது வேண்டும் என்பதைக் கிணறு உள்ளவரும் இல்லாதவரும் முன்னதாகவே கூடிப் பேசிக்கொள்வது உசிதம். ஆனி, ஆடி மாதங்களில் ஏரி வறண்டிருக்கும்போது வரத்துக்காலைத் தலைமுதல் கடைவரை நடந்து பார்த்து, அடைபட்ட இடங்களைக் குறித்துக்கொண்டால், ஐப்பசி மழைக்கு முன் வெட்டி முடிக்க இரண்டு மாதமேனும் அவகாசம் கிடைக்கும்.